ஏற்றத்தில் வழுக்கும் கிளச்சு

மலைநாட்டு வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பலர் ஒரு விசித்திரத்தைக் கண்டிருப்பர். கண்டி நகரிலிருந்து ஹந்தானைத் தேயிலை நூதனசாலையை நோக்கி ஏறும் வீதியிற் பழைய வண்டியொன்று செல்கின்றது. பின்னிருக்கையில் மனைவி, அவர் மடியில் சந்தைச் சாமான்கள். வளைவொன்றில் ஏற்றம் கடுமையாகவே, ஓட்டுபவர் முறுக்குப்பிடியை மேலும் திருகுகின்றார். இயந்திரம் உரத்து முழங்குகின்றது. வண்டியோ வேகங் கொள்ளவில்லை. இடித்த மேகம் பெய்யாமற் போவதுபோல, ஓசை மிகுந்ததேயன்றி ஓட்டம் மிகவில்லை. சற்றைக்கெல்லாம் கருகிய நாற்றமொன்றும் மூக்கைத் துளைக்கின்றது.

இதனைக் கண்டதும், "இயந்திரமே போய்விட்டது" என்று கலங்குவோர் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. இயந்திரம் வலுவோடு சுழல்கின்றது. அவ்வலு சக்கரத்தைச் சென்றடையவில்லை. இடையில் நிற்கும் கிளச்சு தன் பிடியைத் தளரவிட்டு வழுக்குகின்றது. நோய் இன்னதென்று அறிந்து, முறையாகச் சிகிச்சை தொடங்குவோமாயின் பல வேளைகளில் ஒரு சதமும் செலவின்றியே அது தீர்ந்துவிடும். அறியாது கைவைத்தாலோ, சில நாட்களிலேயே தட்டுக்கள் கருகிப் பெருஞ்செலவு வந்து சேரும்.

இன்று இவ்விடயத்தை எழுதுவதற்குக் காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டிலேயே கதவு மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில், விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றிருந்தோரும் பழைய வண்டியையே போற்றிக் காக்க நேர்ந்தது. பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வதும், மரக்கறியைச் சந்தைக்கு ஏற்றுவதும், கந்தோருக்குச் செல்வதும் இருபது முப்பது ஆண்டுகள் கண்ட வண்டியாலேயே இன்றும் பல குடும்பங்களில் நடைபெறுகின்றன. அவ்வண்டி ஒரு கிழமை நின்றுவிட்டால் வீட்டின் ஒழுங்கே குலைந்துவிடும்.

கிளச்சு எவ்வாறு பிடிக்கின்றது?

இயந்திரத்தின் சுழற்சியைக் கியர்ப்பெட்டிக்குக் கொண்டுசெல்லும் பாலமே கிளச்சு. நம் வீதிகளிற் காணும் மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில் அஃது எண்ணெயில் நனைந்தபடியே வேலை செய்கின்றது. கூடை போன்ற ஓர் உறையினுள்ளே இருவகைத் தட்டுக்கள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒருவகைத் தட்டில் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். அதன் வெளிப்பற்கள் கூடையைப் பற்றி நிற்கும். மற்றையது வெறும் உருக்குத் தட்டு; அதன் உட்பற்கள் நடுவேயுள்ள குடத்தைப் பற்றி நிற்கும். கூடை இயந்திரத்தோடு சுழலும். குடம் கியர்ப்பெட்டியைச் சுழற்றும். தட்டுக்களை ஒன்றோடொன்று நெருக்கி வைத்திருப்பவை ஸ்பிரிங்கு எனப்படும் சுருள்வில்கள்.

ஓலைச்சுவடியொன்றை எண்ணிப் பாருங்கள். மேலும் கீழும் சட்டம் வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டியிருக்கும்வரை நடுவிலுள்ள ஏட்டினை உருவியெடுக்க இயலாது. கட்டுத் தளர்ந்தவுடனே ஏடுகள் ஒன்றன்மேலொன்று வழுக்கத் தொடங்கும். கிளச்சின் தட்டுக்களே ஏடுகள், சுருள்வில்லே கயிறு.

இங்கே ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். கிளச்சைப் பிடிக்கச் செய்வது நமது கையன்று. சுருள்வில்லே எந்நேரமும் அதனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. இடக்கையால் லீவரை இழுக்கும்பொழுது நாம் அப்பிடியை விடுவிக்கின்றோம், அவ்வளவே. பிறேக்குப் பிடிக்காவிடின் அதன் கேபிளை இறுக்குகின்றோம். அதே வழக்கத்திற் கிளச்சுப் பிடிக்காவிடினும் கேபிளை இறுக்குவோர் பலர். அவ்வாறு இறுக்குவது, லீவரைச் சிறிது இழுத்தபடியே நாள் முழுவதும் வண்டியோட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே, கிளச்சு வழுக்கும்பொழுது முதலிற் செய்யவேண்டியது இறுக்குதலன்று, தளர்த்துதல். இவ்வொன்றை அறிந்தவர் பாதி மெக்கானிக் ஆகிவிட்டார் எனலாம்.

வழுக்கலினால் விளையும் நட்டத்தைச் சிறு கணக்கொன்றாற் காணலாம். இயந்திரப் பக்கம் நூறு முறை சுழல, கியர்ப் பக்கம் எண்பது முறையே சுழல்கின்றதெனக் கொள்வோம். இயந்திரம் தரும் வலுவில் ஐந்திலொரு பங்கு தட்டுக்களிடையே வெப்பமாகிப் போகின்றது. ஏற்றத்தில் இயந்திரம் 5 கிலோவாற்று வலுவைத் தருமாயின் 1 கிலோவாற்று வெப்பம் அச்சிறிய கூடையினுள்ளே பிறக்கும். துணி அழுத்தும் மின்சார இஸ்திரிக்கைப் பெட்டியொன்றை அங்கே மூட்டி வைத்ததற்கு அது சமம். 2022ஆம் ஆண்டின் பெற்றோல் தட்டுப்பாட்டில், பங்கீட்டு முறை தொடங்கியபொழுது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே கிடைத்தது. அந்நாட்களில் வழுக்கும் கிளச்சோடு மலையேறியவர்கள் அருமையாய்ப் பெற்ற பெற்றோலைத் தட்டுக்களைச் சுடவே செலவிட்டனர்.

நோயறிதல்

வேகங் குறைவதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். முறுக்குப்பிடியைத் திருகும்பொழுது இயந்திரத்தின் ஓசையும் உயராது, வேகமும் உயராதாயின் குற்றம் இயந்திரத்திலோ, பெற்றோல் வரும் வழியிலோ, பிடித்தபடியே நிற்கும் பிறேக்கிலோ உள்ளது. ஓசை உயர்ந்தும் வேகம் உயராதாயின் கிளச்சையே ஐயுறல் வேண்டும். "கடகட" என்ற அதிர்வோடு பிடி நழுவுமாயின், தேய்ந்த பற்சக்கரத்திற் சங்கிலி தாவுகின்றதா என்று பாருங்கள். கிளச்சு வழுக்குதல் அதிர்வின்றி மெல்ல நிகழ்வது.

ஐயத்தைத் தீர்க்க இரு சோதனைகள் உள. முதலாவது, வாகன நெருக்கமில்லாத சமவீதியிலே செய்வது. இயந்திரம் நன்கு சூடேறிய பின், மேற்கியரில் மணிக்கு 40 கிலோமீற்றர் அளவிற் சென்றுகொண்டிருக்கையில் முறுக்குப்பிடியைச் சட்டென்று திருகுங்கள். ஓசையும் வேகமும் ஒருங்கே உயர்ந்தால் கிளச்சு நலமாக உள்ளது. ஓசை முன்னே பாய்ந்து வேகம் பின்னே நொண்டி வந்தால் வழுக்கல் உறுதி. வழுக்கல் முதலில் மேற்கியரிலும் ஏற்றத்திலுமே தலைகாட்டும் என்பதால், ஆரம்ப நிலையிலேயே இச்சோதனை அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, நின்ற இடத்திலே செய்வது. வண்டிக்கு முன்னே ஆளோ பொருளோ இல்லாத வெளியிடத்தில், இரு பிறேக்குகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் கியரையோ மேற்கியரையோ போட்டுக் கிளச்சு லீவரை மெல்ல விடுங்கள். நலமான கிளச்சாயின் இயந்திரம் திணறி நின்றுவிடும். லீவரை முழுவதும் விட்ட பின்னும் இயந்திரம் தன்பாட்டிற் சுழன்றுகொண்டிருந்தால் தட்டுக்கள் வழுக்குகின்றன. இதனை ஒருமுறைக்கு மேல் செய்யாதிருப்பது நன்று. சோதனையே தட்டுக்களைச் சுட்டுவிடும்.

பழைய ஆங்கிலேய வண்டிகளில் மற்றுமோர் அடையாளம் உண்டு. அவற்றிற் பலவற்றின் கிக்கர் கிளச்சின் வழியாகவே இயந்திரத்தைச் சுழற்றுவது. மிதிக்கும்பொழுது கிக்கர் எதிர்ப்பின்றி இறங்கி, இயந்திரம் அசையாதிருந்தால் கிளச்சின் பிடி போய்விட்டது என அறியலாம்.

முதற் சிகிச்சை: கேபிள்

லீவரின் நுனியைச் சுட்டுவிரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கேபிள் இறுகுமுன் நுனி சிறிது தூரம் சும்மா அசைய வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு அத்தூரம் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை. அசைவே இல்லையாயின் நோயின் வேரைக் கண்டுவிட்டீர்கள். லீவரருகேயுள்ள திருகியைத் தளர்த்துங்கள். அது போதாவிடின் கேபிளின் கீழ்முனையில், இயந்திரத்தருகே உள்ள திருகியைத் தளர்த்துங்கள். பின்னர் ஹாண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, இருநிலையிலும் அவ்வசைவு எஞ்சுகின்றதா எனப் பாருங்கள்.

கேபிள் நாளடைவில் நீளும். நீண்டால் லீவர் தளர்வது இயல்பு. அப்படியிருக்க, இறுக்காத கேபிள் தானாக இறுகுவது எவ்வாறு? தட்டுக்கள் தேயத் தேய அடுக்கின் பருமன் குறைகின்றது. அழுத்துதட்டு அதற்கேற்ப நகர்ந்து, விடுவிக்கும் கோலை நெருங்குகின்றது. லீவரிலிருந்த தளர்வை அது தின்றுவிடுகின்றது. எனவே, பலமுறை தளர்த்தியும் தளர்வு மீண்டும் மீண்டும் மறையுமாயின் தட்டுக்கள் தம் ஆயுளின் இறுதியை நெருங்குகின்றன என்பது பொருள்.

கேபிளின் உட்கம்பி துருவேறியோ, உறை மடிந்தோ இருந்தாலும் லீவர் முழுவதும் திரும்பாது. கிளச்சு அரைகுறையாகவே பிடிக்கும். நம் பகுதியின் மழையிற் கேபிள் விரைவிற் துருவேறும். சில துளி எண்ணெய் விட்டும் இலகுவாக ஓடாத கேபிளை மாற்றிவிடுவதே சிக்கனம்.

கிளச்சு லீவரே இல்லாத ஹொண்டா சுப்பர் கப் வகையினர்க்கும் ஒரு வார்த்தை. 1958ஆம் ஆண்டில் தோன்றிய அவ்வண்டியிற் கிளச்சு சுழல்வேகத்தால் தானே பிடிப்பது; எனினும், அதற்கும் ஒரு திருகு உண்டு. வலப்பக்க மூடியிலுள்ள பூட்டுநட்டைத் தளர்த்தி, நடுத்திருகை வலஞ்சுழியாக ஏறத்தாழ ஒரு சுற்றுத் திருப்புங்கள். பின் தடை தட்டும்வரை மெல்ல இடஞ்சுழியாகத் திருப்பி, அங்கிருந்து மறுபடி வலஞ்சுழியாக எட்டிலொரு சுற்றுத் திருப்பிப் பூட்டிவிட வேண்டும்.

இரண்டாஞ் சிகிச்சை: எண்ணெய்

கேபிளிற் குற்றமில்லையாயின், அண்மையில் எண்ணெய் மாற்றினீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மோட்டார்க் காருக்கான இக்கால எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் இரசாயனங்கள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு அவை நன்மையே. காரின் கிளச்சு எண்ணெயைத் தொடுவதில்லை. மோட்டார் சைக்கிளிலோ இயந்திரத்துக்கும் கிளச்சுக்கும் ஒரே எண்ணெய். உராய்வினாலேயே வாழும் கிளச்சுக்கு உராய்வைக் குறைக்கும் எண்ணெய் பகையன்றோ?

இச்சிக்கலைத் தீர்க்கவே ஜப்பானியர் 1990களின் இறுதியில் "ஜாசோ" என்னும் தரமுறையை வகுத்தனர். அதில் "எம்.ஏ." என்ற குறியுள்ள எண்ணெய் நனைந்த கிளச்சுக்கு ஏற்றது. "எம்.பி." என்ற குறியுள்ளது உராய்வு குறைந்தது, நனைந்த கிளச்சுக்கு ஒவ்வாது. போத்தலின் பின்புறத்தில் இக்குறியைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். தவறான எண்ணெய் ஊற்றப்பட்டிருப்பின் அதனை வடித்து, உரிய எண்ணெயை இட்டுச் சில நாட்கள் ஓட்டிப் பாருங்கள். தட்டுக்கள் கருகாதிருந்தால் பிடி மீளக்கூடும்.

சென்னைத் திருவொற்றியூரில் உருவான என்ஃபீல்ட் புல்லட் போன்ற பழைய வடிவ வண்டிகளிற் கிளச்சு தனியான சங்கிலிப் பெட்டியினுள் உள்ளது. அப்பெட்டிக்குக் கையேடு கூறும் எண்ணெயையே, கூறும் மட்டத்துக்கே இடல் வேண்டும். கைதாராளமாக ஊற்றுதல் அங்கே குற்றம்.

மூன்றாஞ் சிகிச்சை: தட்டும் சுருள்வில்லும்

இவ்விரண்டாலும் தீராத வழுக்கலுக்கு மூடியைத் திறந்தே ஆகவேண்டும். பொறுமையும், துப்புரவான மேசையும், வண்டியின் கையேடும் உள்ள மாணவன் ஒருவன் பெரியவர் ஒருவர் துணையோடு செய்யக்கூடிய வேலையே இது. எண்ணெயை வடித்துவிடுங்கள். கிக்கரையும், தடையாயிருப்பின் பிறேக்கு மிதியையும் கழற்றுங்கள். மூடியின் திருகுகளை, அவை இருந்த ஒழுங்கிலேயே ஒரு கடதாசி மட்டையிற் குத்தி வையுங்கள்; நீளம் மாறிய திருகு மூடியைப் பிளந்துவிடும்.

சுருள்வில்களின் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சில வண்டிகளில் அப்பொழுதே தட்டுக்கள் வெளிவரும். சிறிய ஹொண்டா வண்டிகள் பலவற்றிலோ நடுவிலுள்ள நட்டையும் கழற்ற வேண்டும்; அதற்குத் தனிக் கருவி உண்டு. உளியும் சுத்தியலும் கொண்டு அந்நட்டை அடிக்காதீர்கள். கருவி இல்லாதவர் அவ்வளவோடு நிறுத்தி, வண்டியைக் கராஜுக்குக் கொண்டுசெல்வதே அறிவு.

வெளிவரும் தட்டுக்களை வந்த ஒழுங்கிலேயே அடுக்குங்கள். உராய்வுத் தட்டின் பருமனை வேர்னியர் அளவியால் அளக்க வேண்டும். சிறிய ஹொண்டா வண்டிகள் பலவற்றிற் புதிய தட்டு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர், 2.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டிற் காண்க. பருமன் போதுமாயினும், மேற்பரப்புக் கண்ணாடிபோல் மினுங்கிக் கருகியிருப்பின் அதுவும் பயனற்றதே.

உருக்குத் தட்டைத் தடித்த கண்ணாடித் துண்டொன்றின்மேல் வைத்துப் பாருங்கள். ஓரத்தின் கீழே 0.2 மில்லிமீற்றர் அளவுத் தகடு நுழையுமாயின் தட்டு வளைந்துவிட்டது. நீலம் பாரித்த தட்டு மிகுந்த சூட்டைக் கண்டது. சுருள்வில்லின் நீளத்தையும் அளக்க வேண்டும். சூடுபட்ட சுருள்வில் குறுகித் தளர்ந்திருக்கும். ஒன்று குறுகியிருந்தாலும் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவதே முறை. இல்லையேல் அழுத்தம் ஒருபுறம் சாயும். கூடையின் விரல்களிலே தட்டின் பற்கள் பள்ளம் பறித்துள்ளனவா என்பதையும் தடவிப் பாருங்கள். சிறு பள்ளத்தை அரத்தால் மட்டமாக்கலாம். ஆழ்ந்த பள்ளமாயின் கூடையையே மாற்ற வேண்டும்.

உராய்வுப் பொருளுக்கும் மலைக்கும் பழைய உறவு உண்டு. ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் இங்கிலாந்தின் மலைப்பாங்கான டார்பிஷயரில், குதிரை வண்டிகள் இறக்கங்களில் அல்லலுறக் கண்டு, நல்ல தடைக்கட்டை செய்ய 1897ஆம் ஆண்டில் முயலத் தொடங்கினார். அம்முயற்சியிற் பிறந்ததே "ஃபெரோடோ" என்னும் பெயர். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த பி.எஸ்.ஏ. பாண்டம் வண்டியின் கிளச்சிலோ, போத்தல் மூடிக்கு உதவும் அதே கார்க்குத் துண்டுகளே தட்டிற் பதிக்கப்பட்டிருந்தன. பிற்காலத்துப் பழைய உராய்வுப் பொருள்கள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆகவே, பழைய கிளச்சிலோ பிறேக்கிலோ படிந்த தூசியை வாயால் ஊதாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிள்ளைகளை அப்பாலிருக்கச் செய்யுங்கள்.

புதிய உராய்வுத் தட்டை உலர்ந்தபடியே பூட்டலாகாது. இயந்திரத்துக்கு இடும் அதே எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்துப் பூட்டுங்கள். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக, கையேடு கூறும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மூடிக்குப் புதிய கேஸ்கட் இடுங்கள். எண்ணெயை மறவாது ஊற்றி, இறுதியில் லீவரின் தளர்வைச் சரிசெய்யுங்கள்.

இடைக்கால உபாயங்கள்

சுருள்வில்லின் கீழே வாசர் வைத்து அழுத்தத்தைக் கூட்டுவதும், தட்டை மண்கடதாசியாற் தேய்ப்பதும் வழக்கத்திலுள்ள உபாயங்கள். நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அவை உதவக்கூடும். ஆனால், வாசர் வைத்த கிளச்சின் லீவர் கையை நோகச் செய்யும்; கேபிளும் விரைவில் அறும். தேய்ந்த தட்டை மேலும் தேய்த்தால் அது தடிக்கப் போவதில்லை. இவை கடனைத் தள்ளிப்போடுவனவேயன்றித் தீர்ப்பன அல்ல.

தள்ளிப்போடலாகாத காரணம் ஏற்றத்தில் மட்டுமன்று, இறக்கத்திலும் உள்ளது. கடுகண்ணாவையிலிருந்து மாவனல்லைப் பக்கம் இறங்குவோரும், மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இறங்குவோரும் தாழ்ந்த கியரை இட்டு, இயந்திரத்தையே பாதி பிறேக்காகக் கொள்கின்றனர். சக்கரத்தை இயந்திரம் தடுத்து நிறுத்துவது கிளச்சின் வழியாகவே. கடுமையாக வழுக்கும் கிளச்சு அத்தடையைத் தராது. இருவரின் சுமை முழுவதும் பழைய டிரம் பிறேக்கின்மேல் விழும். வளைவுக்கு வளைவு அது சூடேறிப் பிடி குறையும். பின்னிருக்கையில் அமர்ந்திருப்பது மனைவியோ மகளோ என்பதை நினைக்கும்பொழுது, ஒருசில தட்டுக்களின் விலை பெரிதாகத் தோன்றாது.

நல்ல கிளச்சையும் கெடுப்பது பழக்கம். ஏற்றத்தில் வண்டி நிற்கும்பொழுது பிறேக்கால் அதனைப் பிடிக்காது, அரைக் கிளச்சில் இயந்திரத்தை முழங்கவிட்டு நிறுத்துவோர் பலர். கண்டி வாவியைச் சுற்றிய நெருக்கத்திலும், எசல பெரஹரா நாட்களின் கூட்டத்திலும் அவ்வாறே அங்குலம் அங்குலமாக ஊர்வோர் உளர். ஒவ்வொரு கணமும் தட்டுக்கள் தேய்கின்றன. நீண்ட நேரம் நிற்க நேரின் நியூட்ரலுக்கு மாற்றி, லீவரை விட்டுவிடுங்கள். ஓடும்பொழுது லீவரின்மேல் விரல்களை அழுத்தி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை லீவர் நுனியின் தளர்வைச் சோதியுங்கள். அதற்கு அரை நிமிடமும் ஆகாது.

டிரம் பிறேக்கை வீட்டிலேயே திறந்து துப்புரவு செய்யும் முறையை அடுத்த கிழமை காண்போம்.